பள்ளி ஒழுங்கும் சமநீதியும்

கல்வி பெறும் உரிமைக்காக நம் முன்னோர் நடத்திய போராட்டத்தை எழுதுவோர், பெரும்பாலும் பள்ளியின் வாயிலோடு அவ்வரலாற்றை முடித்துவிடுகின்றனர். அடைத்திருந்த கதவு திறந்தது. நம் பிள்ளைகள் உள்ளே சென்றனர். பட்டமும் பதவியும் பெற்றனர் என்று அது மங்கலமாக முற்றுப்பெறுகிறது. அவ்வாறு எழுதுவது பொய்யன்று. ஆயினும் அது பாதி வரலாறே. வாயிலைக் கடந்து உள்ளே சென்ற பிள்ளை எங்கே அமர்த்தப்பட்டது, எந்தக் குவளையில் நீர் பருகிற்று, எக்குற்றத்துக்காக எத்தனை அடி வாங்கிற்று, யார் கையில் துடைப்பம் கொடுக்கப்பட்டது, யாருடைய பெயர் வருகைப் பதிவேட்டிலிருந்து முதலில் அடிக்கப்பட்டது என்பனவெல்லாம் அவ்வரலாற்றின் மறுபாதி. வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் இம்மலரில், அம்மறுபாதியை நம் இளைஞர்களுக்கு எடுத்துரைப்பதே நம் நோக்கமாகும்.

பள்ளியில் ஒழுங்கு வேண்டும் என்பதில் இருவேறு கருத்தில்லை. ஒழுங்கற்ற வகுப்பில் ஏழைப் பிள்ளையே முதலில் இழப்புக்குள்ளாகிறான். வசதியுள்ளவன் தனிப்பயிற்சிக்குச் சென்று ஈடுகட்டிக் கொள்வான். எனவே, நம் வினா ஒழுங்கு வேண்டுமா என்பதன்று. ஒரே குற்றத்துக்கு ஒருவனுக்கு அறிவுரையும் மற்றொருவனுக்குப் பிரம்படியும் கிடைப்பது ஏன், என்பதே நம் வினா.

வாயிலில் நின்ற காலம்

பழைய திண்ணைப் பள்ளிகளின் தண்டனைகளைப் பற்றி நம் பாட்டன்மார் கதை கதையாகக் கூறுவர். கோதண்டம் என்றும் அண்ணாந்தாள் என்றும் அவற்றுக்குப் பெயர். உத்தரத்தில் கயிற்றைக் கட்டிப் பிள்ளையைத் தொங்கவிடுவது கோதண்டம். கேட்டாலே உடல் நடுங்கும் அத்தண்டனைகள் பெரும்பாலும் நம் மக்களின் பிள்ளைகளுக்கு நேரவில்லை. காரணம், அவர்களுக்கு அத்திண்ணையில் இடமே இல்லை. தண்டிக்கப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டியிருந்த காலம் அது!

ஆங்கிலேயர் ஆட்சியில் அரசுப் பள்ளிகள் தோன்றிய பின்னரும் நிலைமை உடனே மாறிவிடவில்லை. 1856-ஆம் ஆண்டு தார்வாரில் மகர் வகுப்பைச் சேர்ந்த ஒரு சிறுவன் தன்னை அரசுப் பள்ளியில் சேர்க்க வேண்டுமென்று பம்பாய் அரசுக்கு விண்ணப்பித்தான். அவன் பக்கம் நியாயம் உள்ளதென்பதை அரசு மறுக்கவில்லை. ஆயினும், அவன் ஒருவனைச் சேர்த்தால் மற்றையோர் பள்ளியை விட்டு நீங்கிவிடுவர், பள்ளியின் நடைமுறை குலைந்துவிடும் என்று காரணங்காட்டி விண்ணப்பம் தள்ளப்பட்டது. இளைஞர்கள் இந்நிகழ்ச்சியை ஊன்றி நோக்க வேண்டும். அச்சிறுவன் ஒரு குற்றமும் செய்தானில்லை; அவன் வருகையே ஒழுங்கின்மையாகக் கருதப்பட்டது. பிறர் மனங்கோணாமல் இருப்பதற்கே ஒழுங்கு என்று பெயர் சூட்டப்பட்டது. 1858-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள், அரசின் கல்வி நிலையங்கள் எல்லா வகுப்பாருக்கும் உரியன என்று அறிவித்தனர். ஏட்டில் கதவு திறந்தது. ஊரில் அது திறக்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

சென்னை மாகாணத்தில், செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த திரமென்கீர் நம் மக்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கையின் விளைவாக 1892-இல் நில ஆணையும், அதனைத் தொடர்ந்து 1893-இல் பஞ்சமர் கல்விக்கெனத் தனி ஆணையும் பிறந்தன. 1894-இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பண்டிதர் அயோத்திதாசர் அம்முயற்சிக்குத் துணைநின்றார். நம் வட ஆர்க்காட்டுப் பகுதியில் 1853-இல் நிறுவப்பட்ட அமெரிக்க ஆர்க்காடு மிஷன், ஆரணி உள்ளிட்ட ஊர்களில் பணியாற்றி, நம் மக்கள் எழுத்தறிவு பெற வழிவகுத்தது.

இங்கே நம் மண்ணின் மைந்தர் ஒருவரை நினைவுகூர்தல் கடமையாகும். ஆரணிக்கு அருகிலுள்ள மேல்புதுப்பாக்கத்தில் 1890-இல் பிறந்து, திண்டிவனத்து மிஷன் பள்ளியில் பயின்று, துறவு பூண்டு, 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்வி நிலையம் கண்டவர் சுவாமி சகஜானந்தர். கோயில் வாயிலில் தடுக்கப்பட்டவராகக் கூறப்படும் நந்தனாரின் பெயரைப் பள்ளி வாயிலில் பொறித்ததில் எத்துணை ஆழ்ந்த கருத்து உள்ளது! பிறர் பள்ளியில் இடங்கேட்டு நின்ற சமுதாயம், தன் பிள்ளைகள் தலைநிமிர்ந்து அமர்வதற்குத் தானே ஒரு பள்ளியை அமைத்துக் கொண்டது. 1959-இல் அவர் மறையும்வரை, சட்டமன்றத்திலும் வெளியிலும் கல்வியே அவர்தம் பேச்சாக இருந்தது. நம் சங்கம் போன்ற எளிய அமைப்புகளெல்லாம் அவ்வழியில் வந்தவையே.

உள்ளே சென்ற பின்

வாயில் திறந்தது, தீண்டாமை அங்கேயே நின்றுவிடவில்லை, பிள்ளையின் பின்னாலேயே வகுப்பறைக்குள் நுழைந்தது.

அண்ணல் அம்பேத்கர் சதாராவில் படித்த நாளில், வகுப்பின் ஒரு மூலையில், வீட்டிலிருந்து கொண்டுவந்த கோணிமீது தனித்து அமர்ந்தார். மாலையில் அக்கோணியை வீட்டுக்கு எடுத்துச் சென்றார். பள்ளியைப் பெருக்கும் ஆள்கூட அதைத் தொடமாட்டான். குழாயை அவர் தம் கையால் திறக்கலாகாது. பள்ளியின் பணியாள் வந்து திறந்துவிட்டால் நீர் உண்டு. பணியாள் வராத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டியதுதான். இவற்றுள் எதுவும் தண்டனை என்று பெயர் பெறவில்லை. பள்ளியின் வழக்கம் என்றே பெயர் பெற்றது. குற்றமில்லாமலே நாள்தோறும் நிறைவேற்றப்பட்ட தண்டனை அது.

இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1939-இல் வெளியிட்ட தம் வாழ்க்கைச் சுருக்கத்தில், கோயம்புத்தூரில் படித்த காலத்தைப் பற்றிக் கூறியுள்ளார். மற்ற மாணாக்கரோடு நெருங்கிப் பழகினால் தம் சாதி தெரிந்துவிடுமே என்றஞ்சி, பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக் கொண்டிருந்து, மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் செல்வாராம். பின்னாளில் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்து நம் மக்களுக்காக வாதாடிய அப்பெருமகனார், சிறுவனாக இருந்தபோது மணியோசைக்காக வெளியே காத்திருந்தார்! இன்று ஒரு பிள்ளை நாள்தோறும் மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைந்தால், நாம் என்ன செய்வோம்? தாமதமாக வந்தவன் என்று வெளியே நிறுத்துவோம். அவன் ஏன் முன்னரே வருவதில்லை என்று கேட்போர் எத்துணை பேர்? குற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. அதன் காரணம் கேட்டால்தான் தெரிகிறது.

பெயர் சொல்லி அழைப்பதிலும் ஒரு வரலாறு உண்டு. ஆசிரியராய்த் தொண்டாற்றிய எம். சி. ராஜா அவர்கள் சென்னைச் சட்டசபையில் எடுத்த முயற்சியால், இழிவு தோன்ற வழங்கிய பழம்பெயர்களை நீக்கி, ‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயரை 1922-இல் அரசு ஏற்றுக்கொண்டது. ஒரு நூற்றாண்டு கழிந்தது. இன்றும் உதவித்தொகைப் படிவம் வந்தவுடன் ஒரு பிரிவினரை மட்டும் வகுப்பு நடுவே எழுந்து நிற்கச் சொல்லும் பழக்கம் அறவே ஒழிந்ததா? எழுந்து நிற்பது சிறு செயல். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில், அதுவரை சாதி அறியாதிருந்த பிள்ளைகளுக்கும் அது கற்பிக்கப்பட்டு விடுகிறது.

விதியும் வழக்கமும்

தமிழ்நாடு கல்வி விதிகளில் 51-ஆவது விதி என்று ஒன்று இருந்தது. அவ்விதி உடல் தண்டனையைப் பொதுவாகத் தடுத்தது. வேண்டுமென்றே பொய் கூறுதல், ஆபாசமான சொல் அல்லது செயல், வெளிப்படையான கீழ்ப்படியாமை ஆகிய ஒழுக்கக் கேடுகளுக்கு மட்டும் விலக்களித்தது. அப்போதும் உள்ளங்கையில் 6 அடிகளுக்கு மேற்படலாகாது. தலைமையாசிரியரே, அல்லது அவர் முன்னிலையிலேயே அடிக்க வேண்டும். ஏட்டில் இருந்த விதி இதுதான். பள்ளிகளில் இருந்த வழக்கத்தை, படித்தோர் யாவரும் அறிவர். கணக்குத் தவறியதற்கும் அடி. எழுதுகோல் இல்லாமைக்கும் அடி. தலைக்கு எண்ணெய் இல்லாமைக்கும் அடி. தலைமையாசிரியரின் கணக்கில் வராத அடிகள் எத்தனை ஆயிரம்! எழுதி வைக்கப்படாத தண்டனைக்கு எல்லையில்லை. எல்லையில்லாத தண்டனை எளியவன்மீதே இறங்கும். ஏனெனில், கேட்பதற்கு அவன் வீட்டிலிருந்து ஆள் வரமாட்டார்.

1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, உடல் தண்டனை கல்வியிலிருந்து அகற்றப்பட வேண்டுமென்று கூறிற்று. 2003-இல் தமிழ்நாடு அரசு 51-ஆவது விதியைத் திருத்தி, உடலையோ உள்ளத்தையோ நோகச் செய்யும் தண்டனைகளைத் தடைசெய்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அதனை நாடு முழுமைக்கும் சட்டமாக்கியது. அதே சட்டத்தின் 16-ஆவது பிரிவு, தொடக்கக் கல்வியை முடிக்கும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றலாகாது என்கிறது.

இச்சட்டங்கள் தாமாக வந்தவையல்ல. பல பிள்ளைகளின் கண்ணீர் அவற்றுக்குப் பின்னே இருக்கிறது. 1995-இல் சேலம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், சாதி இந்துப் பிள்ளைகளுக்கென வைத்திருந்த பானையிலிருந்து நீர் மொண்டாள் என்பதற்காக நம் சமுதாயச் சிறுமி ஒருத்தியை ஆசிரியர் பிரம்பால் அடித்தார். அக்குழந்தை ஒரு கண்ணின் பார்வையை இழந்தாள். அண்ணல் சதாராவில் தாகத்தோடிருந்த நாளிலிருந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கடந்த பின் நிகழ்ந்தது இது. தாகம் என்பது குற்றமாகி, தண்டனை என்னும் பெயரில் தீண்டாமை ஒரு குழந்தையின் முகத்தில் இறங்கிற்று. 2001-02-இல் 11 மாநிலங்களின் 565 சிற்றூர்களில் அறிஞர் குழுவொன்று நடத்திய ஆய்வில், 37.8 விழுக்காட்டு ஊர்களின் அரசுப் பள்ளிகளில் நம் பிள்ளைகள் தனியே அமர்ந்து உண்ணும்படி செய்யப்பட்டது வெளிப்பட்டது. 2022-இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளியில் பட்டியல் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு கழிவறையைத் தூய்மை செய்வித்தார் என்ற புகாரின்மேல், தலைமையாசிரியர் ஒருவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் கைது செய்யப்பட்டார்.

பள்ளியைத் தூய்மையாக வைத்திருத்தல் நற்பழக்கமே. எல்லாப் பிள்ளைகளும் முறைவைத்துச் செய்தால் அது பயிற்சி. ஒரு தெருப் பிள்ளைகள் மட்டும் செய்தால் அது பயிற்சியாகாது. பரம்பரைத் தொழிலை வகுப்பறையிலும் தொடரச் செய்யும் சூழ்ச்சியாகும்.

கடல் கடந்த ஒரு சான்று

இஃது நம் நாட்டில் மட்டுமே காணப்படும் நோயா? அன்று. பிறப்பால் மக்களைத் தரம்பிரித்த நாடுகளிலெல்லாம் பள்ளியின் தண்டனை ஒரு பக்கமே சாய்ந்திருக்கக் காண்கிறோம். அமெரிக்க நாட்டின் கறுப்பின மாணாக்கர் வரலாறு நமக்குப் பெரும்பாடமாகும்.

1957-இல் ஆர்க்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் நகரில், அதுவரை வெள்ளையருக்கு மட்டுமே உரியதாயிருந்த உயர்நிலைப் பள்ளியில் 9 கறுப்பின மாணாக்கர் படைவீரர்களின் பாதுகாப்போடு சேர்ந்தனர். அவர்களுள் ஒருவர் மின்னிஜீன் பிரௌன் என்னும் மாணவி. இடித்தலும் உதைத்தலும் வசைமொழியும் அவர்களுக்கு அன்றாட உணவாயின. ஒருநாள் உணவுக்கூடத்தில் சில மாணவர்கள் நாற்காலிகளைத் தள்ளி வழிமறித்துத் தொல்லை தர, மின்னிஜீன் கையிலிருந்த உணவு அவர்கள்மீது கவிழ்ந்தது. அவர் தற்காலிகமாக விலக்கி வைக்கப்பட்டார். பின்னர், தம்மை வதைத்த ஒரு மாணவியை எதிர்த்துப் பேசியதற்காக 1958 பிப்ரவரியில் பள்ளியை விட்டே நீக்கப்பட்டார். மாதக்கணக்கில் துன்புறுத்தியோரின் குற்றம் கணக்கில் ஏறவில்லை. துன்புற்றவரின் ஒரு சொல் கணக்கில் ஏறிற்று. ஆண்டு முழுவதும் பொறுத்திருந்து ஒருநாள் சீறிய பிள்ளையையே குற்றவாளியாகக் காணும் கண், உலகெங்கும் ஒன்றுபோலவே இருக்கிறது.

1971-இல் ஒகையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில், இனப்பூசல் நிறைந்திருந்த பள்ளிகளிலிருந்து மாணாக்கர் பலர் விசாரணையின்றி 10 நாள்வரை விலக்கி வைக்கப்பட்டனர். அவர்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1975-இல் அந்நீதிமன்றம், ஒரு மாணாக்கரைச் சில நாள்களுக்கு விலக்கி வைப்பதாயினும், அவர்மீதுள்ள குற்றச்சாட்டு இன்னதென்று அவருக்குத் தெரிவிக்கவும், அவர் தரப்பைக் கூற வாய்ப்பளிக்கவும் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நம் ஊர்ப் பெரியோர் கூறும் ‘இருதரப்பும் கேள்’ என்னும் எளிய அறமே அங்குச் சட்டமாயிற்று.

அவர்கள் செய்த மற்றொன்றும் கருதத்தக்கது. தண்டனைகளை எண்ணத் தொடங்கினர். 2014-இல் அந்நாட்டுக் கல்வித்துறை வெளியிட்ட கணக்கின்படி, மழலைப் பள்ளிப் பிள்ளைகளுள் கறுப்பினத்தார் 18 விழுக்காட்டினர். ஆனால், ஒருமுறைக்கு மேல் பள்ளியிலிருந்து விலக்கி வைக்கப்பட்ட மழலைகளுள் அவர்கள் 48 விழுக்காட்டினர். மூன்று, நான்கு வயதுப் பிள்ளை செய்யும் குற்றத்தில் நிறவேறுபாடு எங்கிருந்து வரும்? வேறுபாடு பார்ப்பவர் கண்ணில் இருந்தது. எண்ணிப் பார்த்திராவிட்டால் அவ்வுண்மை வெளிப்பட்டிராது. ஆசிரியர் ஒவ்வொருவரும் தாம் நடுநிலையாளர் என்றே மனப்பூர்வமாக நம்பியிருப்பர்.

ஏழ்மை குற்றமாகும் இடம்

இனி நம் ஊருக்கு வருவோம். கமண்டல நாகநதிக் கரையிலுள்ள நம் ஆரணி, பட்டுக்கும் அரிசிக்கும் பெயர் பெற்ற நகரம். ஒரு புடவை தறியிலிருந்து இறங்குவதற்கு முன் எத்தனையோ கைகள் அதில் உழைக்கின்றன. கூலிக்கு நெய்வோர் வீட்டிலும், கழனிக்கும் அரிசி ஆலைக்கும் செல்வோர் வீட்டிலும் பிள்ளைகளின் கையும் வேலைக்கு வேண்டியிருந்தது. விடியலில் எழுந்து தார் சுற்றிக் கொடுத்துவிட்டு, தம்பி தங்கையரைக் கவனித்துவிட்டு, பழையதை உண்டு ஓடிவந்த பிள்ளைகளைப் பல்லாண்டுகளாகப் பள்ளி வாயிலில் கண்டிருக்கிறோம். அவர்கள் தாமதமாக வந்தவர்கள் என்னும் பட்டியலில் இடம்பெற்றனர்.

அரசுப் பள்ளிகளில் நாம் பணியாற்றிய காலத்தில் கண்ட ஓர் உண்மையை இங்குக் கூறுதல் வேண்டும். அன்றாடம் குற்றமென்று குறிக்கப்படுவனவற்றை நிரல்படுத்திப் பாருங்கள்: தாமதம், சீருடையில் கிழிசல், காலணியின்மை, குறிப்பேடு வாங்காமை, வீட்டுப் பாடம் முடிக்காமை, நீண்ட விடுப்பு. இவற்றுள் பெரும்பாலானவை ஒழுக்கக் கேடுகள் அல்ல, வறுமையின் அடையாளங்கள். படிக்க ஓர் அறையும் விளக்கும் உள்ள வீட்டுப் பிள்ளை வீட்டுப் பாடம் செய்யாதிருப்பதும், ஒற்றை அறைக் குடிசையில் ஐவரோடு உறங்கும் பிள்ளை செய்யாதிருப்பதும் ஒன்றாகுமா?

தண்டனையும் அவ்வாறே. ‘நாளைக்கு அப்பாவை அழைத்து வா’ என்று இருவருக்கும் ஒரே சொல்லைக் கூறுகிறோம். கடை வைத்திருப்பவர் கடையை ஒரு மணி நேரம் மகனிடமோ பணியாளிடமோ விட்டுவிட்டு வருவார். தலைமையாசிரியர் எதிரே நாற்காலியில் அமர்ந்து பேசிச் செல்வார். கூலி வேலை செய்பவருக்கு அன்றைய கூலி போய்விடும். வந்தாலும் வாயிற்படியில் நின்றே பேசுவார். ஆகவே பிள்ளை வீட்டில் சொல்லாமலே இருந்துவிடுகிறது. சொல்லாததால் வகுப்பில் சேர்க்கப்படுவதில்லை. மூன்று நாள் வெளியே நின்றபின் நான்காம் நாள் வருவதில்லை. பத்து நாள் கழிந்தால் ‘நீண்ட நாள் வராதவன்’. ஒரு குறிப்பேட்டில் தொடங்கிய குற்றம், படிப்பே முடிந்துபோவதில் சென்று நிற்கிறது. ஒன்றுபோலத் தோன்றும் தண்டனை எவ்வாறு சமனற்றதாகிறது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

மற்றொரு வழக்கமும் உண்டு. பொதுத்தேர்வுத் தேர்ச்சி விழுக்காட்டைக் கருதி, பின்தங்கிய பிள்ளையின் பெற்றோரை அழைத்து, ‘இவன் ஒழுங்காக இல்லை, மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேறிடம் சேர்த்துவிடுங்கள்’ என்று இனிய மொழியில் கூறி அனுப்பிவிடுவது. எழுதப்படிக்கத் தெரியாத தந்தை கைந்நாட்டு வைத்துவிட்டுச் செல்கிறார். ஏட்டில் அது பெற்றோரின் விருப்பம். உண்மையில் அது வெளியேற்றம்.

நாங்குநேரி கற்பித்த பாடம்

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், உடன் பயின்ற மாணவர்கள் தம்மைத் துன்புறுத்துவதைப் பள்ளியில் கூறிய பின்னர், பட்டியல் வகுப்பு மாணவர் ஒருவரும் தடுக்க வந்த அவர்தம் தங்கையும் தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டனர். தமிழகமே தலைகுனிந்த நிகழ்ச்சி அது. அதனைத் தொடர்ந்து ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழுவை அமைத்தது; 2024 ஜூனில் அறிக்கை அளிக்கப்பட்டது. பள்ளிப் பெயர்களிலுள்ள சாதி அடையாளங்களை நீக்குதல், மாணாக்கரை அகரவரிசைப்படி அமர்த்துதல், சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைத் தடுத்தல், பிள்ளைகளின் சாதி விவரம் வகுப்பில் வெளிப்படாமல் காத்தல், ஆசிரியர்களைக் காலமுறையில் இடமாற்றுதல், மாணாக்கர் நலனுக்கெனப் பள்ளிகளில் அலுவலரை அமர்த்துதல் முதலியன அதன் பரிந்துரைகளுட் சில.

இந்நிகழ்ச்சி நமக்கு ஒன்றைத் தெளிவாக்குகிறது. நம் பிள்ளையை அளவுக்கு மீறித் தண்டிப்பது ஓரநீதி. நம் பிள்ளைக்குத் தீங்கிழைப்போரைக் காலத்தில் கண்டிக்காமல் விடுவதும் ஓரநீதியே. ‘பிள்ளைகளுக்குள் விளையாட்டு’ என்று தள்ளிவிடப்படும் வசைச்சொல், ஒருநாள் அரிவாளாகி வருகிறது.

மூன்று அளவுகோல்கள்

நேரிய தண்டனை எது என்பதற்கு வேற்று நாட்டு நூல்களைத் தேட வேண்டியதில்லை. திருக்குறளில் ‘வெருவந்த செய்யாமை’ என்னும் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே வள்ளுவர் அரசனுக்கு இலக்கணம் கூறுகிறார். குற்றத்தைத் தக்கவாறு ஆராய்தல் ஒன்று. அது மீண்டும் நிகழாமல் தடுப்பதே நோக்கமாதல் இரண்டு. குற்றத்தின் அளவுக்கு ஒத்ததாக இருத்தல் மூன்று. நாட்டை ஆளும் மன்னனுக்குக் கூறியது, வகுப்பை ஆளும் ஆசிரியருக்கும் பொருந்தும்.

நாம் பொறுப்பேற்ற பள்ளிகளில் ஓர் எளிய முறையைக் கைக்கொண்டோம். ஒரு நீளக் குறிப்பேட்டில் ஐந்து கலங்கள்: நாள், நிகழ்ந்தது, கூறியவர், பிள்ளை கூறிய விளக்கம், எடுத்த நடவடிக்கை. நான்காம் கலம் நிரம்பாமல் ஐந்தாம் கலம் எழுதலாகாது என்பது ஒன்றே விதி. திங்கள் முடிவில் ஆசிரியர் யாவரும் அமர்ந்து அதனைப் படிப்போம். யாரையும் குறைகூற மாட்டோம். எந்தப் பெயர்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன, அவர்கள் எத்தெருவிலிருந்து வருகின்றனர், ஒரே குற்றத்துக்கு இருவேறு நடவடிக்கை எங்கே உள்ளது என்று பார்ப்போம். மனிதர் மறைக்க விரும்புவதையும் ஏடு காட்டிவிடும். பிள்ளையின் விளக்கத்தை எழுத வேண்டும் என்றவுடனேயே பாதித் தண்டனைகள் தேவையற்றுப் போயின. கேட்டபோது காரணம் தெரிந்தது. காரணம் தெரிந்தபோது கோபம் ஆறிற்று.

நெசவுத் தொழிலறிந்த நம் ஊரார்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை உதைப்பதில்லை. அறுந்த இழையை வெட்டி எறிந்துவிட்டு மேலே நெய்வதுமில்லை. கையை நிறுத்தி, அறுந்த முனையைத் தேடிப் பிணைக்கிறார். விட்டுவிட்டால் புடவை முழுவதும் அந்த வழு ஓடும் என்பதை அவர் அறிவார்.

நாம் செய்ய வேண்டுவன

பெற்றோர்களே! கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு உரிய பங்கும், பெண்களுக்குப் பாதி இடமும் உண்டு. அக்கூட்டத்துக்குச் செல்லுங்கள். நாற்காலியில் அமர்ந்து பேசுங்கள். துப்புரவு முறைப்பட்டியல் யார் யாருக்கு உள்ளது, வகுப்பில் அமரும் முறை யாது, தண்டனைகள் எழுதி வைக்கப்படுகின்றனவா என்னும் மூன்று வினாக்களை ஒவ்வொரு முறையும் கேளுங்கள். பொருள் விளங்காத தாளில் கையொப்பமிட வேண்டா. நம் சங்கத்தில் படித்துக் காட்டுவதற்கு ஆள் உண்டு.

மாணாக்கச் செல்வங்களே! தவறு செய்தால் ஒப்புக்கொள்ளுங்கள். நம் பிள்ளை என்பதற்காகத் தவறு சரியாகிவிடாது. ஆனால், செய்யாத தவறுக்கோ, பிறந்த சாதிக்கோ தலைகுனிய வேண்டா. கொடுமை நேர்ந்தால் வீட்டில் சொல்லுங்கள். நம்பத்தக்க ஆசிரியரிடம் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான 1098 என்னும் எண்ணும், பள்ளிக் கல்வித்துறையின் 14417 என்னும் எண்ணும் உங்களுக்கென்றே உள்ளன. கையால் பதில் கூறாதீர்கள். அந்த ஒரு கைவீச்சுக்காகவே காத்திருப்போர் உண்டு என்பதை மின்னிஜீன் வரலாறு காட்டுகிறது.

இளைஞர்களே! உங்களுள் பலர் ஆசிரியப் பணிக்கு வருகிறீர்கள். பிரம்பு உங்கள் கைக்கு மாறுவது விடுதலையாகாது. நம் பிள்ளைக்கு நாம் வேண்டும் நீதியைப் பிறர் பிள்ளைக்கும் வழங்கும்போதுதான் நம் கோரிக்கைக்கு வலிமை பிறக்கும். நம் சங்கத்தின் மாலை வகுப்புகளிலேயே அப்பழக்கம் தொடங்கட்டும்: கேட்காமல் கண்டியாதீர், எழுதாமல் தண்டியாதீர், எவரையும் வெளியே நிறுத்தாதீர்.

தார்வார்ச் சிறுவன் வாயிலில் நின்றான். அண்ணல் கோணியில் அமர்ந்தார். சேலத்துச் சிறுமி ஒரு கண்ணை இழந்தாள். இவ்வரிசையில் இன்னுமொரு பெயர் சேராமற் காப்பது, சட்டத்தின் கடமை மட்டுமன்று. இம்மலரைக் கையிலேந்தும் ஒவ்வொருவரின் கடமையுமாகும். சகஜானந்தர் பிறந்த மண்ணில் வாழும் நாம், அப்பணியைப் பிறர் செய்வரென்று காத்திரோம்.

வளர்க கல்வி! நிலைபெறுக சமநீதி!